மேக்சீன் வீட்டு மீட்டர்

கல்யாணமான அதே வாரத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல், ராட்னி கார்பட் தலை நிறையச் சோப்பு நுரையோடு இருட்டில் நின்றார். அது மேக்சீன் வீட்டுக் குளியலறை. அதற்கு ஜன்னல் கிடையாது. கொதிக்கக் கொதிக்கக் கொட்டிக்கொண்டிருந்த மின்சார ஷவர் ஒரு முனகலோடு நின்றது. விளக்கு அணைந்தது. கூரையில் சுழன்ற காற்றாடியும் ஓய்ந்தது.

"மேக்ஸ்! கரண்டு போயிடுச்சு!" என்று கத்தினார்.

சுவரைத் தடவித் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, படியில் ஈரத்தடம் பதிய இறங்கி, கூடத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். இந்த ஒரு வீட்டுக்குத்தான் கரண்டு இல்லை.

அப்போது மேக்சீன் தெருமுனையில் திரும்பினாள். அவளுடைய நடையை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. கையில் நீல நிறப் பிளாஸ்டிக் சாவி. உள்ளே வந்தவள் அவரைப் பார்க்கக்கூட நிற்காமல் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, மீட்டரில் சாவியைச் செருகினாள். மாடியில் ஷவர் மறுபடி சீறியது.

"எவ்வளவு நேரம்தான் குளிப்ப? நான் பாத்துட்டுத்தான் கடைக்குப் போனேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் தாங்கியிருக்கணும்."

"எது தாங்கியிருக்கணும்?"

"கரண்டுதான். வேற எது? போ, கண்ணுல சோப்பு போகுது பாரு."

ராட்னிக்கு அறுபத்து நான்கு வயது. தன் ஆயுளில் கரண்டு தீர்ந்துபோகும் பண்டம் என்று அவர் நினைத்ததில்லை. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை போகும். சுவரிலிருந்து கரண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று இந்தக் கதையை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். மேக்சீன் சிரிக்கவில்லை. "இருபது நிமிஷம், பெவ்! ஒரு மனுஷன் இருபது நிமிஷம் குளிப்பானா? என்ன திமிங்கிலமா?" என்றாள்.

மேக்சீனும் நானும் ஹார்ட்டில்பூல் என்கிற துறைமுக ஊரில் ஒரே ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறோம். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. டீ இடைவேளையில்கூட நின்றுகொண்டுதான் குடிப்பாள். ஒரு கையில் கோப்பை இருக்கும், இன்னொரு கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். போகிற வழியில் தென்படுகிற சுவிட்சையெல்லாம் அணைத்துக்கொண்டே போவாள். ஒருமுறை தலைமையாசிரியை சாமான் அறைக்குள் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டாள். "உள்ள ஆள் இருக்கு!" என்று சத்தம் வந்ததும், "இருந்தா கதவைத் தொறந்து வைங்க, வெளிச்சம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

ராட்னி அதற்கு நேர் எதிர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல் வரும்வரை உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பள்ளி வாசலில் மஞ்சள் கோட்டும் வட்டப் பலகை மாட்டிய கம்புமாக நின்று, பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலைக்கு வந்தார். மனைவி போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மழை பலத்தால் சமையலறைப் பின்வாசலில் ஒதுங்குவார். மேக்சீன் ஒரு கோப்பை டீயை நீட்டிவிட்டு, அவர் ஈரக் காலோடு மிதித்த இடத்தைத் துடைப்பாள். இரண்டு குளிர்காலம் இப்படியே போனபின் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த நாளிலிருந்து அவருக்குப் புரியாதது ஒன்றுதான். அவள் ஏன் எழுந்து எழுந்து போகிறாள்? சாப்பாட்டு மேசையில் பாலாடைக்கட்டி போட்டுப் பொரித்த கோழி பார்மோ ஆறிக்கொண்டிருக்கும். அவள் படிக்கட்டு அலமாரிக்குள் தலையை விட்டு மீட்டரில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கரண்டுக்கு ஒரு சாவி, காஸுக்கு ஒரு அட்டை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் பணம் ஏற்றிவர, மழையோ காற்றோ தெருமுனைக் கடைக்குப் போவாள். ஒரேயடியாக ஒரு மாதத்துக்குப் போடவும் மாட்டாள். இரண்டு நாளுக்கு, மூன்று நாளுக்கு.

"ஊர்ல எல்லாரும் மாசத்துக்கு ஒருதடவை பில் கட்டிட்டு நிம்மதியா இருக்காங்க. நீ மட்டும் எதுக்கு இப்படி அல்லாடுற?" என்று கேட்டார் ராட்னி.

"நான் ஒருத்தருக்கும் பாக்கி வெக்கிறதில்ல. பிடிச்ச பழக்கம்."

"பாக்கி இல்ல மேக்ஸ் அது. பில்."

"எரிச்சதுக்கு அப்புறம் காசு கேட்டா அதுக்குப் பேரு பாக்கிதான். நீ உன் டீயைக் குடி."

நவம்பரில் ஒரு நாள் கடைக்குப் போகும் வழியில் நடைபாதையில் பனி உறைந்திருந்தது. மேக்சீன் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் வலது மணிக்கட்டு வீங்கி ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. கட்டுப் போட்ட கையால் சாவியைச் செருக முடியவில்லை. அந்த வாரம் ராட்னிதான் கடைக்குப் போனார். முதல் நாளே காஸ் அட்டையை மறந்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் அட்டையைக் கொண்டுபோனார், சாவியை மறந்தார். மூன்றாம் நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், வழியில் பழைய கிரேன் நண்பர் ஒருவரைப் பார்த்து, கடலைப் பார்த்துக்கொண்டு பேசி நின்றுவிட்டு, கடை மூடிய பிறகு போய்ச் சேர்ந்தார்.

மேக்சீன் அன்று இடது கையால் கதவைத் திறந்துவிட்டு, "சரி. மாத்திக்கோ. உன் பில்லையே கொண்டு வா" என்றாள். கோபத்தில் சொன்னதா, களைப்பில் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ராட்னி மறுநாள் காலையே நிறுவனத்துக்குப் போன் செய்தார். பணம் கட்டுவதில் அவர் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் கணக்கை அவர் பெயரில் போட்டுக்கொண்டால் சுலபம் என்றார்கள். அவரும் சரி என்றார். பழைய மீட்டர் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட ஆள் வரும் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

"என் வீட்டு வெளிச்சம் உன் பேர்லயா?" என்று மேக்சீன் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நான் வேற, நீ வேறயா?"

அவள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், கட்டுப் போட்ட கையோடு.

மீட்டர் மாற்றுகிற அன்று அவள் லீவு போட்டிருந்தாள். ஆனால் காலை பத்து மணிக்குச் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேரட்டை எடுத்து இடது கையால் சீவ ஆரம்பித்தாள்.

"லீவு போட்டுட்டு எதுக்குடி வந்த?" என்றேன்.

"வீட்ல டிரில் போடுறான்."

"போட்டா போடட்டுமே?"

"எனக்கு அந்தச் சத்தம் ஆகாது, பெவ்."

அவள் முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டு வலி என்று நினைத்துக்கொண்டேன். சீவிய கேரட்டை மறுபடி எடுத்துச் சீவினாள். அது விரல் தடிமனுக்கு வந்தும் விடவில்லை. நான்தான் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.

புது மீட்டரோடு சின்னத் திரை ஒன்றும் தந்திருந்தார்கள். புத்தக அளவில், மேசையில் நிற்க வைப்பது. அன்றன்றைக்கு எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அதில் தெரியும். பழைய மீட்டரில் எண் குறைந்துகொண்டே வரும், தீர்ந்தால் நின்றுவிடும். இதில் எண் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. ராட்னி அதை ஒரு விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொண்டார். "பாரேன், கெட்டிலைப் போட்டதும் எப்படித் துள்ளுது!" மேக்சீன் கெட்டிலை அணைத்துவிட்டாள். தண்ணீர் பாதி கொதித்திருந்தது.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் இருக்கவே முடியவில்லை. திரையைக் கூடத்தில் வைத்தால் சமையலறையிலிருந்து வந்து பார்ப்பாள். சமையலறைக்கு எடுத்துப் போனால் மாடியிலிருந்து இறங்கி வருவாள். ராட்னி அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அவள் எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தத் திரையோடு ஒரு நாள் வேலைக்கே வந்துவிட்டாள். உருளைக்கிழங்கு வேகும்போது வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை, வெறும் இருட்டுக் கண்ணாடி.

"வீட்டை விட்டு வந்தா தெரியாதாம்," என்றாள். "அங்க என்ன ஓடுதுன்னே தெரியாம இங்க நிக்கிறேன்."

"ராட்னி இங்க வாசல்ல நிக்கிறாரு. வீட்ல யாருமே இல்ல. என்னடி ஓடும்?"

"ஃபிரிட்ஜு ஓடும்."

கடைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். கால் தானாகப் போயிற்று. கல்லாவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் போடுவதற்குச் சாவி இல்லை என்பது நினைவுக்கு வரும். கடைக்காரி, "என்ன கண்ணு, இன்னிக்கு எவ்வளவு போடணும்?" என்பாள். மேக்சீன் ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டிவிட்டு வந்துவிடுவாள். அவளுக்குச் சாக்லேட் பிடிக்காது. எங்கள் சமையலறையில் அந்த மாதம் நாங்கள் எல்லோரும் சாக்லேட் தின்றோம்.

ஒரு நாள் அவளே நிறுவனத்துக்குப் போன் செய்து, பில் வருவதற்கு முன்பே கொஞ்சம் கட்டிவிட முடியுமா என்று கேட்டாள். கணக்கு அவள் பெயரில் இல்லாததால் எதையும் பேச முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

"என் வீடு," என்றாள் என்னிடம், தட்டுகளை அடுக்கியபடி. "என் வீட்டைப் பத்தி எங்கிட்டப் பேச மாட்டாங்களாம்." தட்டு ஒவ்வொன்றும் ணங் ணங் என்று விழுந்தது.

டிசம்பரில் கடல் பக்கமிருந்து காற்று எலும்பைத் துளைத்துக்கொண்டு வந்தது. ராட்னிக்கு இருமல் பிடித்தது. வாசலில் கம்போடு நிற்கும்போது பிள்ளைகளே, "வீட்டுக்குப் போங்க ராட்னி" என்று சொல்கிற அளவுக்கு இருமினார். அப்போதுதான் ஒரு நாள் சொன்னார், வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லர் கெட்டுப்போய்விட்டது என்று.

"நாலு நாளாச்சு. வெந்நீர்ப் பை வெச்சுக்கிட்டுத் தூங்குறோம். மேக்ஸ் ஆளுக்குச் சொல்லியிருக்கா. கிறிஸ்துமஸ் சமயம், ஒருத்தனும் வர மாட்டேங்குறானாம்."

மேக்சீன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. பாய்லர் கெட்டுப்போனதை என்னிடம் அவள் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் பால் விலை ஏறினால்கூட என்னிடம் சொல்கிறவள் அவள்.

ராட்னி பொறுமைசாலிதான், ஆனால் இருமல் அவரைவிடப் பிடிவாதமாக இருந்தது. மறுநாள் காலை, பிள்ளைகள் உள்ளே போன பிறகு, அவரே தெரிந்த ஒரு ரிப்பேர்க்காரரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்த ஆள் சமையலறை அலமாரியைத் திறந்து பாய்லரைப் பார்த்தார், அதன் பக்கத்துச் சுவரைப் பார்த்தார், கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தட்டினார். பாய்லர் 'ஹும்' என்று செருமிக்கொண்டு எரிய ஆரம்பித்தது.

"ஆஃப் பண்ணியிருக்கு சார். அவ்வளவுதான். இதுக்குக் காசு வாங்கினா எனக்கே வெக்கமா இருக்கும். ஒரு டீ குடுங்க."

மேக்சீன் நான்கு மணிக்கு மேல் வீட்டுக்குப் போனாள். வாசலைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. ராட்னி மஞ்சள் கோட்டைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு நடந்ததை அவள் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"பாய்லர் சரியாயிடுச்சு," என்றார் ராட்னி.

"அப்படியா? என்னவாம்?"

"சுவிட்ச யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க."

"யாரு?"

"நீயே சொல்லு."

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். ராட்னி குரலை உயர்த்தவில்லை.

"குளிருது மேக்ஸ், குளிருதுன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ என் முகத்தைப் பாத்து, கெட்டுப்போச்சுன்னு சொன்ன. ஆளுக்குச் சொல்லியிருக்கேன்னு சொன்ன. செலவாகுதேன்னு பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கிறேன். ரெண்டு கூடப் போட்டுக்கிறேன். பொய் எதுக்கு?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில்தான் மீட்டர் அலமாரி. கல்யாணத்துக்கு முன்போ பின்போ அவரிடம் சொல்லாத ஒன்றை அங்கே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

அவளுடைய முதல் புருஷன் பெயர் க்ரெய்க். மகள் கெல்லி கைக்குழந்தையாக இருந்த காலம். அப்போது இந்த வீட்டிலும் சாதாரண மீட்டர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்.

"'கட்டியாச்சு கண்ணு'ம்பான். தபால் வர்ற நேரத்துக்கு அவன்தான் வாசல்ல நிப்பான், தினமும். எவ்வளவு பொறுப்பா இருக்கான்னு நெனச்சேன். பில்லு, எச்சரிக்கை, கோர்ட்டுக் காகிதம் எதையும் என் கண்ணுல காட்டல. காசெல்லாம் குதிரை மேல போயிருச்சு. ஒருநாள் காலைல கெல்லியக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். தண்ணி சத்தத்துல பெல் அடிச்சது கேக்கல. திடீர்னு கீழ டிரில் சத்தம். ஈரக் குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா, கதவுல பூட்டு இருந்த எடத்துல ஓட்டை. ஓட்டை வழியா தெரு தெரியுது. தெருவுல எல்லாரும் நிக்கிறாங்க."

வந்தவர்கள் கையில் கோர்ட்டு உத்தரவு இருந்தது. கூட ஒரு பூட்டுக்காரன். அவர்கள் அவளிடம் கடுமையாகக்கூடப் பேசவில்லை. படிக்கட்டுக்கு அடியில் முன்பணம் போடுகிற மீட்டரை மாட்டினார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கெல்லி குளிரில் அழுதுகொண்டிருந்தாள். க்ரெய்க் அன்று மாலை வீட்டுக்கு வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. பழைய பாக்கியை அந்த மீட்டரே வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் தீர்த்துவிட்டது.

"எல்லாரும் அந்த மீட்டரைத் திட்டுவாங்க, ராட்னி. ஏழைங்க வீட்டு மீட்டர்ம்பாங்க. இந்த வீட்ல எங்கிட்டப் பொய் சொல்லாதது அது ஒண்ணுதான். இருக்குன்னா இருக்கும். இல்லேன்னா இல்ல. எனக்குத் தெரியாம ஒண்ணும் சேந்துக்கிட்டே இருக்காது."

ராட்னி எழுந்து வந்து அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் க்ரெய்க் இல்ல, மேக்ஸ்" என்றார்.

"தெரியும். நீ இல்ல. இந்த வாரம் க்ரெய்க் நான்தான்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாளாம். மேக்சீன் அழுது நான் பார்த்ததில்லை. அதை அவள் என்னிடம் சொன்னபோதுகூட, வேறு யாரோ அழுத மாதிரி, கோபமாகத்தான் சொன்னாள்.

சில நாள் கழித்து முதல் பில் ராட்னியின் போனுக்கு வந்தது. அவர் அதைத் திறக்காமல் அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். அவள் பயந்ததில் பாதிகூட இல்லை.

"நாலு நாள் விறைச்சுக் கிடந்தோம்ல, அதுக்குத் தள்ளுபடி போல," என்றார் ராட்னி.

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ராட்னி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பில்லைப் பார்த்த மறுநாளே அவள் அடுத்த பில்லுக்குப் பயப்பட ஆரம்பித்தாள். பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள். பாய்லர் சுவிட்சைத் தொடவில்லை. ஆனால் எதையும் அணைக்க முடியாத கை சும்மா இருக்குமா? நகத்தைக் கடித்தாள். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். சமையலறையில் ஒரு நாள் கஸ்டர்டில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். முந்நூறு பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், பால் கெட்டிருந்தது என்று நான் ஒரு கதை விட்டேன்.

அன்று கஸ்டர்டுப் பானையைத் தேய்த்தபடி மேக்சீன் சொன்னாள். "காஸு இருக்கட்டும், பெவ். அவரு நெஞ்சுக்குச் சூடு வேணும். அது எப்பவும் எரியட்டும், அவரு பேர்லயே இருக்கட்டும், அவரே பில் கட்டட்டும். நான் பாக்கவே மாட்டேன். ஆனா கரண்டு எனக்குத் திரும்ப வேணும்."

"அப்படிப் பாதிப் பாதியா குடுப்பாங்களா?"

"கேட்டாதானே தெரியும்."

மத்தியான வேலை முடிந்து, பின்வாசலில் நின்று போன் செய்தார்கள். கணக்கு ராட்னி பெயரில் இருந்ததால் அவர் பேசி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பேர், விலாசம் எல்லாம் சொல்லி, போனை அவளிடம் நீட்டினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாள். எதிர்முனையில் ஒரு இளம்பெண்.

"முன்பண முறையிலேர்ந்து மாத பில்லுக்கு மாத்தணும், அதானே மேடம்?"

"இல்ல கண்ணு. மாத பில்லுலேர்ந்து முன்பணத்துக்கு."

"திரும்பியா?"

"திரும்பித்தான். கரண்டு மட்டும்."

"மேடம், காலைலேர்ந்து எனக்கு வந்த போன் எல்லாமே அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வர்றவங்கதான். ஏதாவது பணக் கஷ்டமா? உதவி வேணும்னா சொல்லுங்க, வேற வழி இருக்கு."

"பணக் கஷ்டம் இல்லம்மா. மனக் கஷ்டம்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். ஆள் யாரும் வரத் தேவையில்லை, புது மீட்டர் என்பதால் இங்கிருந்தே மாற்றிவிடலாம் என்றாள். மேக்சீன் முகம் மாறியது.

"அங்க உக்காந்துக்கிட்டே மாத்தலாமா? அப்ப நாளைக்கு என்னைக் கேக்காமலே வேற மாதிரி மாத்திருவீங்களா?"

"கேக்காம மாத்த மாட்டோம் மேடம். எந்தப் பேர்ல போடட்டும்? மேக்சீன் கார்பட்டா?"

மேக்சீன் ராட்னியைப் பார்த்தாள். கல்யாணப் பதிவில் அவள் பெயர் மாறிவிட்டிருந்தது. ராட்னி தோளைக் குலுக்கினார்.

"என் பழைய பேரு, ட்வெடில்னு போடு. மேக்சீன் ட்வெடில். மீட்டருக்கு அந்தப் பேரு போதும்."

போனை வைத்த பிறகு ராட்னி கம்பை எடுத்துக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பினார்.

"ஒண்ணு யோசிச்சியா? கரண்டு தீந்து நின்னா பாய்லரும் நின்னுடும். காஸு இருந்து பிரயோஜனம் இல்ல. அதுக்குள்ள ஓடுற மோட்டாருக்குக் கரண்டு வேணும்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"உனக்கு முன்னாடியே தெரியும். அந்தச் சுவிட்ச அணைச்சவ நான்தானே."

"அப்ப என் சூடு மறுபடி உன் கைலதான்?"

"ஆமா. தீர விட மாட்டேன். ராத்திரி இருமினா முழிச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கறவ நான்தான்யா. போ, பெல் அடிக்கப் போகுது."

இந்த ஏற்பாடு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது போனிலிருந்தே கரண்டுக்குப் பணம் போட்டுவிடலாம். கெல்லி வந்திருந்தபோது அதைச் செய்துகாட்டவும் செய்தாள். மேக்சீன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. மீட்டரில் எப்போதும் ஒரு வாரத்துக்கு மேலேயே போட்டு வைக்கிறாள். இது அவளுக்குப் பெரிய ஊதாரித்தனம். காஸ் பில்லை ராட்னி பார்த்துக்கொள்கிறார். எவ்வளவு என்று அவள் கேட்பதில்லை. ஆனால் பில் வருகிற வாரம் அவளிடம் யாரும் வாய்கொடுப்பதில்லை. சமையலறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்வெப்பத்தில் பனித்திருந்தது. நான் கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிப் போட்டேன். ராட்னி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, காலை நீட்டி, கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் போன சுவடே இல்லை. மேக்சீன் எங்களோடு உட்கார்ந்தாள். பேச்சு சூடுபிடிப்பதற்குள், சமையலறை விளக்கு எரிகிறது என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்தாள். மாடிப் படிக்கட்டு விளக்கு. அதற்கும் எழுந்தாள்.

அவள் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ராட்னி பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கி வழிவிட்டார்.